மூங்கில்காட்டில் நடப்பது யார்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. தள்ளி உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கும்.

"அம்மா, அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டேங்குது," என்றார் கென்சோ.

ஜப்பான் தேசத்தில், மலையடிவாரத்து மடம் ஒன்று. கென்சோ அங்கே சீடர். தலை பஞ்சாய் நரைத்தவர். குரு மியோன், அவருக்கு மகள் வயசுத் துறவி.

ஊர்ப் பிள்ளைகளுக்காக மியோன் மூன்று வரிப் பாட்டுகளில் புத்தகம் ஒன்று செய்துகொண்டிருந்தாள். தவளை, பனி, நிலா, இப்படி. பாட்டுக்குப் பக்கத்தில் படம். படம் கென்சோ போடுவது. மடத்துக்கு வரும் முன்னால், ஆயுசு முழுக்கக் கோயில் சுவர்களில் நரகம் வரைந்த கை அவருடையது.

அன்று மத்தியானம் பிள்ளைகளுக்கு விரித்துக் காட்டிய பாட்டு இது.

காற்று நின்றது.
மூங்கில்காட்டில் இன்னும்
யாரோ நடக்கும் சத்தம்.

அந்த யாரோவைக் கென்சோ வரைந்திருந்தார். பல்லும் நகமுமாக.

பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடிவிட்டன. கியோ என்ற சிறுமி மட்டும் ஓடவில்லை. அவள் வீடு மூங்கில்காட்டைத் தாண்டி. தூணைக் கட்டிக்கொண்டு நின்றவள் நின்றவள்தான். பொழுதும் சாய்ந்துவிட்டது.

"தூக்கிட்டுப் போய் விடுங்களேன், பெரியவரே," என்றாள் மியோன்.

"என் மூஞ்சியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்குது. அதுவும் போக..."

"அதுவும் போக?"

கென்சோ குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சத்தம் எனக்கும் கேட்டிருக்கு, அம்மா."

"ஆளைப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தான் நரகம் வரைஞ்சேனா?"

மியோன் சிரிக்கவில்லை.

"பாட்டைக் கட்டினது நீங்க," என்றார் கென்சோ. "நடக்கிறது யாருன்னு நீங்களாவது சொல்லுங்க. அதையே வரைஞ்சு காட்டி அனுப்பிடுறேன். இல்லேன்னா இந்தப் பிள்ளை இனிமே எந்தப் பாட்டுக்கும் காது கொடுக்காது."

மியோன் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தாள். பசை தடவினாள். படத்தின் மேல் ஒட்டினாள்.

"ஐயோ, வெறுமையா விட்டா இன்னும் பயமால்ல இருக்கு!"

"ஆமா," என்றாள் மியோன். புத்தகத்தைக் கியோ கையில் கொடுத்தாள். "வா. யார் நடக்கிறாங்கன்னு நீதான் முன்னால போய்ப் பார்த்துச் சொல்லணும்."

"மாட்டேன்."

"அப்ப இந்தத் தாத்தா போகட்டும். காலைப் பாரு அவருக்கு."

கியோ ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். கென்சோவின் கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"தாத்தாவுக்குமா?"

தூணை விட்டாள்.

காட்டு விளிம்பில் மியோன் கென்சோவின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். கியோ மட்டும் உள்ளே போனாள். இலை அசையவில்லை. இருட்டு மூங்கிலுக்கு மூங்கில் ஏறிக்கொண்டிருந்தது.

சரக்.

கென்சோ முன்னே கேட்ட அதே சத்தம்.

சரக். சரக்.

கியோ நின்றாள். சத்தமும் நின்றது.

"ஓடி வந்துடு, கண்ணு!" என்று கத்தக் கென்சோ வாயெடுத்தார். வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

கியோ குனிந்து தன் காலைப் பார்த்தாள். காலுக்கடியில் காய்ந்த மூங்கில் சருகு. ஒரு காலைத் தூக்கினாள். வைத்தாள்.

சரக்.

திரும்பி ஓடிவந்தாள். புத்தகத்தைப் பிரித்து, வெள்ளைப் பக்கத்தைக் கென்சோவின் கையில் அழுத்தினாள்.

"இங்கயே உட்காருங்க, தாத்தா. அது இப்ப நடக்கும். நல்லாப் பார்த்து வரையணும், சரியா?"

சொல்லிவிட்டு, சருகு பறக்க மிதித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.