வாடகைக்கு வந்த முதலாளிகள்

பனங்கொல்லையில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாராவது செலவு பண்ணினால்தானே குறையும்!

அந்த ஊரிலேயே மகா சிக்கனக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள் மூன்று பேர்: தெய்வசிகாமணி, வைரக்கண்ணு, ஏகாம்பரம். அண்ணன் தம்பிகள். அப்பா விட்டுப்போன அப்பளக் கம்பெனியை மூவரும் நடத்தினார்கள். நடத்தினார்கள் என்பது சும்மா ஒரு மரியாதைக்கு. மாவு இடிப்பது, பிரண்டைச் சாறு சேர்ப்பது, தேய்ப்பது, களத்தில் பாய் விரித்துக் காயவைப்பது, மழை வந்தால் பாயோடு அள்ளி உள்ளே போடுவது எல்லாம் சொர்ணம். பன்னிரண்டு வருஷமாக அவள்தான். கொட்டாவி விடுகிற வேலையை முதலாளிகள் மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை டவுன் கல்யாண மண்டபக்காரர் வந்தார். “வெள்ளிக்கிழமை காலையில ரெண்டாயிரம் அப்பளம் வேணும். ஒழுங்காக் கொடுத்தா இந்த வருஷக் கல்யாணம் பூரா உங்களுக்குத்தான். தவறினா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்” என்றார். மற்ற வாடிக்கையெல்லாம் ஏற்கெனவே கழன்றாயிற்று. இதுவும் போனால் கம்பெனியை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் ஆடிட்டர் ஒரு யோசனை சொன்னார். “சொந்தமா ஆள் வச்சா சம்பளம் மட்டுமா? பி.எஃப்., போனஸ், சம்பளத்தோட லீவு, தீபாவளிச் சேலை எல்லாம் சேரும். ஏஜென்சி ஆளுன்னா மணிக்கூலி அதிகம், ஆனா மத்ததெல்லாம் அவங்க பாடு. ஒரு ஆளுக்கு என்னென்ன செலவாகுதுன்னு ஒண்ணு விடாம எழுதிப் பார்த்து முடிவு பண்ணுங்க.”

நல்ல யோசனைதான். யாரிடம் சொல்கிறோம் என்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

மூவரும் ஒண்ணு விடாமல் எழுதினார்கள்.

“அவ நிக்கிற இடத்துல தரை தேயுது. எழுது” என்றார் தெய்வசிகாமணி.

“களத்துல விழற வெயில் நம்ம வெயில். அப்பளத்தோட சேர்ந்து அவளும் கொஞ்சம் காயுறா. அதையும் எழுது” என்றார் வைரக்கண்ணு.

கடைசித் தம்பி ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். “அண்ணே, அவ இல்லேன்னா அப்பளம்?”

அண்ணன்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “அப்பளம் வரவுடா. நாம எழுதுறது செலவு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.”

மறுநாள் காலையில் சொர்ணத்தைக் கூப்பிட்டார்கள். “சொர்ணம்மா, உன் வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா நீ எங்க சொந்த ஆளா இருக்கே. போதாததுக்கு எங்க வெயில்ல வேற காயுறே. கட்டுப்படியாகல.”

பன்னிரண்டு வருஷம்! சொர்ணத்தின் இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, நேராக டவுன் பஸ் ஸ்டாண்ட் மாடியில் ஆள் அனுப்பும் ஏஜென்சி வைத்திருக்கும் மாசிலாமணியிடம் போய்ப் பேர் கொடுத்தாள்.

அவள் இறங்கிய ஒரு மணி நேரத்தில் அதே படியில் மூவரும் ஏறினார்கள். “அப்பள வேலைக்கு அனுபவமுள்ள ஆள் வேணும்.”

“ஒருத்தி இருக்கா. பன்னிரண்டு வருஷ அனுபவம்” என்றார் மாசிலாமணி.

“அடேயப்பா! எந்தக் கம்பெனியில?”

“உங்க கம்பெனியில.”

“அப்ப நல்ல கம்பெனிதான். அனுப்புங்க!”

கூலி முன்னைப்போல ஒன்றரை மடங்கு. ஆனால் தீபாவளிச் சேலை கிடையாது. மூவருக்கும் ஒரே குஷி. சொர்ணம் வந்ததும் தெய்வசிகாமணி அரை நாள் பயிற்சி கொடுத்தார். “இது உரல். இது உலக்கை.”

“அப்படீங்களா முதலாளி” என்றாள் சொர்ணம்.

“சீட்டுல எழுதியிருக்கிறதுக்கு மேல ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. மணி ஏறிடும்.” ‘அப்பளம் தேய்த்துக் களத்தில் காயவைக்கவும்’ என்று சீட்டு எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

புதன்கிழமை காலையில் வைரக்கண்ணு காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அலறினார். “அண்ணே! நாம மூணு பேரும் கம்பெனிக்குச் சொந்த ஆளுங்கதானே? மூணு வேளைச் சாப்பாடு, நாலு காப்பி, வருஷம் பூரா லீவு!”

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவு பெரிய தெண்டச் செலவை வீட்டுக்குள்ளேயே வச்சிருந்தோமே தம்பி!”

உடனே ஒருவரை ஒருவர் வேலையைவிட்டு நீக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மாசிலாமணி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மூன்று பேரையும் பதிவு செய்து, ‘மேற்பார்வை’ என்று சீட்டு எழுதி அதே கம்பெனிக்கு அனுப்பிவைத்தார்.

மத்தியானம் மேகம் திரண்டது. களத்தில் ஆயிரம் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. முதல் துளி விழுந்தது.

“சொர்ணம்மா, மழை!”

“பார்த்தேன்.”

“அள்ளு, அள்ளு!”

“சீட்டுல இல்லீங்களே. முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டா அள்ளுறேன்.”

மூவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். முதலாளி என்று ஒருத்தரையும் காணோம்.

“நாமளே அள்ளிட்டா என்ன?” என்றார் ஏகாம்பரம்.

“நம்ம சீட்டுல என்ன போட்டிருக்கு? மேற்பார்வை. பேசாம பாரு.”

மூவரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அவ்வளவு அக்கறையாக மேற்பார்வை பார்த்ததாலோ என்னவோ, மழையும் ஒரு குறை வைக்காமல் பெய்தது. கடைசியில் மறுபடியும் பஸ் பிடித்து ஓடினார்கள்.

“அவசரமா ஒரு முதலாளி வேணும்!”

மாசிலாமணி நோட்டைப் புரட்டினார். “முதலாளி வேலை பார்த்த அனுபவத்தோட மூணு பேர் இருக்காங்க. தெய்வசிகாமணி, வைரக்கண்ணு, ஏகாம்பரம்.”

“மூணு பேரா! நம்ம அதிர்ஷ்டம். உடனே அனுப்புங்க!”

திரும்பி வந்து முதல் வேலையாக ‘மழை வந்தால் அள்ளவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சொர்ணம் ஒரு வாளியை எடுத்துவந்து அள்ளினாள். அதற்குள் பாயில் இருந்தது கூழ்தான்.

தெய்வசிகாமணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “நடுவுல ஒரே நாளுதான் இருக்கு. அப்பா வச்சுட்டுப் போன கம்பெனி போச்சே! எல்லாம் இந்த வாடகை முதலாளிங்களால!”

அதே ஆத்திரத்தில் மாசிலாமணிக்குப் போன் போட்டார். “நீங்க அனுப்பின மூணு பேரும் சுத்த மண்டுங்க சார். மாத்தி வேற முதலாளி அனுப்புங்க!”

“ஒரே ஒரு அம்மாதான் பாக்கி. அந்தக் கம்பெனி வேலை அத்துப்படி. ஆனா முதலாளிக் கூலி கொடுக்கணும்.”

“கொடுக்கிறோம்!”

மாசிலாமணி சொர்ணத்துக்குப் போன் பண்ணினார். அவள் கையைக் கழுவிக்கொண்டு போய் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆள் மூன்று வேண்டும் என்று ஏஜென்சிக்குச் சொன்னாள். அங்கே சும்மா இருந்தது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? மூவருக்கும் சீட்டு எழுதினாள்: ‘இடி. தேய். காயவை. மழை வந்தால் அள்ளு. கொட்டாவி விடாதே.’

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டாயிரம் அப்பளம் மண்டபத்துக்குப் போயிற்று. மண்டபக்காரர் ஒன்றைப் பொரித்துத் தின்று பார்த்துவிட்டு, வருஷ ஆர்டரைச் சொர்ணம் கையில் கொடுத்தார்.

கொப்புளம் கட்டிய கைகளோடு மூவரும் நாற்காலி முன்னால் வந்து நின்றார்கள். தெய்வசிகாமணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார். “முதலாளியம்மா, நாங்களும் நல்லாத்தான் உழைக்கிறோம். எங்களை ஏஜென்சியிலேருந்து எடுத்து, சொந்த ஆளா வச்சுக்கக் கூடாதா?”

சொர்ணம் மூவரையும் மேலும் கீழும் பார்த்தாள். “ஆசைதான். ஆனா களத்துல அப்பளத்தோட நீங்களும் கொஞ்சம் காயுறீங்களே. கட்டுப்படியாகாது.”

மூவரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்கள்.

“விவரமான முதலாளிடா” என்றார் வைரக்கண்ணு.

“பின்னே?” என்றார் தெய்வசிகாமணி. “முன்னாடி இருந்த மூணு பேருக்கும் இந்த விவரம் பத்தாது.”