கரைகாவல் துறை வாங்கிய முட்கள்

காட்டுக்கு நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் கரையில் வளை தோண்டி வெள்ளெலி, பெருச்சாளி, உடும்பு, நண்டு என்று பல குடும்பங்கள் வாழ்ந்தன.

கரையைப் பார்த்துக்கொள்வது நீர்நாய் துரைக்கண்ணுவின் வேலை. அதற்குக் கரைகாவல் துறை என்று பெயர். துறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். துரைக்கண்ணு, அதன் தம்பிகள் இரண்டு பேர், ஒரு குகை நிறையக் களிமண். அவ்வளவுதான்! அந்தக் களிமண்ணும் ஊரார் உருண்டை பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தது.

தினமும் காலையில் துரைக்கண்ணு கரைமேல் நடக்கும். ஈர வாலால் தரையைத் தட்டிக்கொண்டே வரும். தப்! தப்! அந்தச் சத்தம் கேட்டதும் வளைகளிலிருந்து தலைகள் எட்டிப்பார்க்கும்.

"ஐயா, எங்க வளையில கசியுது!"

"எங்கே?" என்று கேட்கும் துரைக்கண்ணு.

அந்த ஒரு கேள்விதான். யார் தோண்டியது, ஏன் இவ்வளவு ஆழமாகத் தோண்டினாய் என்றெல்லாம் கேட்காது. களிமண்ணை அப்பிவிட்டு அடுத்த வளைக்குப் போய்விடும். எத்தனையோ மழைக்காலம் அந்தக் கரை இப்படித்தான் நின்றது.

ஒருமுறை புலி காட்டுச் சபையைக் கூட்டியது. புலியின் மெய்க்காவல் செந்நாய்கள் முள்ளம்பன்றி முட்களை ஏந்திக்கொண்டு, காட்டுப்பன்றிகள்மேல் ஏறி வந்தன. எல்லா மிருகங்களும் நடுங்கி வழிவிட்டன. பின்னாலேயே துரைக்கண்ணு போனது. அதன் மீசையில் காய்ந்த சேறு.

"ஏய், சேத்தோட உள்ள வராதே! அங்கேயே ஓரமா உட்காரு!" என்றது ஒரு குரங்கு.

துரைக்கண்ணுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"நமக்கும் முள் வேணும். பன்றி வாகனமும் வேணும். அப்பதான் மரியாதை!" என்றது தம்பிகளிடம்.

"நமக்கு எதுக்குண்ணே? கசிவை முள்ளால குத்தவா முடியும்?" என்று கேட்டது சின்னத் தம்பி.

"யாராவது கரையை உடைக்க வந்தா?"

"இத்தனை வருஷத்துல யாரு வந்தா?"

"வந்தா என்ன செய்வே?"

இந்த 'வந்தா' இருக்கிறதே, இதற்கு எந்த ஊரிலும் யாராலும் பதில் சொல்ல முடிந்ததில்லை. 

செந்நாய்களிடம் கழித்துப்போட்ட பழைய முட்கள் கிடந்தன. வேட்டைக்கு ஓடி ஓடிக் கிழடான ஒரு காட்டுப்பன்றியும் இருந்தது. மலைமேல் இருந்த செந்நாய்களின் குகைச் சுவரைப் பூசக் களிமண் தேவைப்பட்டது. பேச்சு முடிந்தது. ஊரார் கொடுத்த களிமண் அத்தனையும் மலை ஏறிப் போனது. நாற்பது முட்களும் சடையன் என்ற அந்தப் பன்றியும் மலை இறங்கி வந்தன.

பன்றியின் தலைமேல் ஓர் ஆள்காட்டிக் குருவியை உட்காரவைத்தார்கள். அது கரையோரம் தரையில் முட்டையிட்டு வாழ்ந்த குருவி. முன்பெல்லாம் பாம்பையோ தீயையோ கண்டால்தான் கத்தும். அது கத்தினால் ஊரே வெளியே ஓடிவந்து பாறைமேட்டில் ஏறிவிடும். இப்போது அதற்கு வேறு உத்தரவு.

"நாங்க போற வழியெல்லாம் கத்திக்கிட்டே வா!" என்றது துரைக்கண்ணு.

அன்றுமுதல் கரைமேல் சடையன் ஓடியது. குளம்புகள் தடதடவென்று அதிர, வளைகளின் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. குருவி இடைவிடாமல் அலறியது. துரைக்கண்ணு முள்ளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வாலால் தட்ட அதற்கு இப்போது நேரமில்லை.

முதல் வாரமே ஒரு பெருச்சாளி வழிமறித்து நின்றது. பாவம், பழைய நினைப்பு!

"ஐயா, எங்க வளையில கசியுது!"

"யார் தோண்டினது?"

பெருச்சாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான்தான் ஐயா. என் வீடு ஐயா அது."

"அப்போ கரையை உடைக்கிறவன் நீதானா?"

மூன்று முட்கள் பெருச்சாளியின் கழுத்தைச் சுற்றி நின்றன. அதன் வளையை மூடி, குடும்பத்தோடு விரட்டிவிட்டார்கள். ஊரே வளைக்குள்ளிருந்து இதைப் பார்த்தது. 

பெருச்சாளியின் வளைக்குப் பக்கத்தில்தான் மூக்காயி என்ற வெள்ளெலி இருந்தது. அதற்குக் கண் திறக்காத ஐந்து குட்டிகள். பெருச்சாளி போன பிறகு ஒருநாள் காலையில் குட்டிகளின் படுக்கை ஈரமாக இருந்தது. மூக்காயி பின்சுவரைத் தொட்டுப்பார்த்தது. விரல் நுனியில் ஏரித் தண்ணீர்!

மூன்று மழைக்காலம் சொட்டு ஈரம் காணாத சுவர் அது. பன்றி ஓட ஆரம்பித்த பிறகுதான் அதில் விரிசல் கண்டது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூக்காயி பயந்துகொண்டே துரைக்கண்ணுவின் குகைக்குப் போனது. வாசலில் முட்களைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

"யாரது?" என்று அதட்டியது துரைக்கண்ணு.

மூக்காயி முட்களைப் பார்த்தது.  "ஒண்ணும் இல்லீங்க ஐயா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடியது.

பக்கத்து வளை உடும்பிடம் சொல்லி அழுதது. "அண்ணே, நீங்களாவது போய்ச் சொல்லுங்க!"

"எனக்கும்தான் நாலு நாளா கசியுது. சொன்னா முள்ளு! சொல்லாட்டா தண்ணி! தண்ணி மெதுவாத்தானே வருது, பேசாம இரும்மா" என்றது உடும்பு.

மழை விடாமல் பெய்தது. மூக்காயி மண்ணைக் கடித்துக் கடித்துச் சுவரில் அப்பியது. அப்பிய மண் கரைந்து விழுந்தது. குட்டிகளை மேல்மூலைக்குத் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்தது. ஒவ்வொரு முறை தலைக்குமேல் குளம்புச் சத்தம் போகும்போதும் குட்டிகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியது.

ஏழாம் நாள் உச்சிவேளை. பன்றித் தலையில் இருந்த குருவி கீழே பார்த்தது. கரையடியில் கலங்கல் நீர் குபுகுபுவென்று கொப்பளித்தது.

குருவி அலறியது. இது நிஜமான அலறல்!

ஒருவரும் வெளியே வரவில்லை. தினமும் கேட்கும் சத்தம்தானே? எல்லாரும் குட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டு வாசலை மண்ணால் அடைத்தார்கள்.

"வெளியே வாங்க! ஓடுங்க! கரை போகுது!" என்று கத்தியது துரைக்கண்ணு. பன்றியை இப்படியும் அப்படியும் விரட்டியது. குளம்புச் சத்தம் கேட்கக் கேட்க ஊரார் இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். தண்ணீர் இருக்கும் பக்கமே போனார்கள்!

துரைக்கண்ணு அடைத்த வாசல்களைப் பார்த்தது. இந்தப் பயத்தைத்தானே அது ஆசைப்பட்டு வாங்கியது?

அது பன்றியிலிருந்து குதித்தது. "சடையா, கரையை விட்டுக் கீழே இறங்கு! போ!" என்று விரட்டியது. கையிலிருந்த முள்ளை ஏரிக்குள் வீசியது. பிறகு சேற்றில் நின்று வாலால் தட்டியது.

தப்! தப்!

வளைக்குள் மூக்காயி கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. பழைய சத்தம்! ஆனால் தட்டுவது யார்? வெளியே முள் இருக்குமோ? பின்னால் சுவர் சரிந்தது. மூக்காயி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. குட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஏழு நாளாகச் சொல்லாததைச் சொன்னது.

"ஐயா, என் வளையில கசியுது!"

"எங்கே?" என்றது துரைக்கண்ணு.

அந்த வார்த்தை அடைத்த வாசல்களைத் தாண்டிப் போய்க் கேட்டது. ஒவ்வொரு வாசலாக மண் உடைந்தது. உடும்பும் நண்டுகளும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாறைமேட்டுக்கு ஓடின.

"அண்ணே, களிமண்?" என்றது சின்னத் தம்பி.

 குகையில் மிச்ச முட்கள்தான் இருந்தன. துரைக்கண்ணு தன் முதுகைக் கொடுத்து மூக்காயி வளையின் வாயோரம் பிளந்த ஓட்டையை அடைத்தது.

"ஓடு மூக்காயி! குட்டிகளை எடு! நான் பிடிச்சுக்கிறேன்!"

மூக்காயி ஓடியது. இரண்டாவது குட்டி. மூன்றாவது. நான்காவது. நான்காவதைப் பாறையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது கரை இருந்த இடத்தில் கரை இல்லை. செம்மண் கலந்த வெள்ளம் மட்டும் இரைந்துகொண்டு போனது.

மாலையில் வெள்ளம் வடிந்தது. முட்புதரில் சிக்கிக் கிடந்த துரைக்கண்ணு உடம்பெல்லாம் கீறலோடு பாறைமேட்டுக்கு ஏறி வந்தது. வெள்ளம் போன வழி முழுக்க ஐந்தாவது குட்டியைத் தேடிவிட்டுத்தான் வந்தது. அதன் வாயில் ஒன்றும் இல்லை. மூக்காயி நான்கு குட்டிகளை அணைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"முன்னாடியே ஏன் சொல்லல மூக்காயி?" என்று கேட்டது துரைக்கண்ணு. 

"சொல்லத்தான் வந்தேன் ஐயா. நீங்க 'யாரது'ன்னு கேட்டீங்க."



பிறகு புதிய கரை எழுந்தது. குகையில் மறுபடியும் களிமண் சேர்ந்தது. துரைக்கண்ணு தினமும் வாலால் தட்டிக்கொண்டே நடக்கிறது. ஆனால் இன்றைக்கும் அந்தத் தப் தப் கேட்டால் வளைகளில் முதலில் வாசல் அடைபடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு மூக்கு எட்டிப்பார்க்கிறது.

காக்க வேண்டியவர்கள் ஊரை மிரட்டும் ஆயுதங்களைத் தேடி வாங்கினால், ஆபத்து வரும் நாளில் அதைச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள்.