ராஜாவுக்குச் சொந்தமான ஆகாயம்

முன்னொரு காலத்தில் கடலோரத்தில் இருந்த முத்தலை நாட்டை இளம்பரிதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதே சரியென்று படும் அவருக்கு.

அந்நாட்டில் வடிவாள் என்றொரு வாணக்காரி இருந்தாள். அவள் விடும் வாணம் மேகத்தைத் தொட்டுவிட்டு வரும் என்பார்கள். மழைக்கால மாலைகளில் கரை தெரியாமல் தவிக்கும் கப்பல்களுக்கு வழிகாட்ட, வணிகர்கள் கூலி கொடுத்து அவளை வாணம் விடச் சொன்னார்கள்.

ஊரே அவளைப் புகழ்ந்தது சேனாதிபதி வல்லபராயருக்குப் பொறுக்கவில்லை. நேரே ராஜாவிடம் போனார்.

"மன்னா, பூமி உங்களுடையது. ஆகாயம் மட்டும் கண்டவர்களுக்கா?"

ராஜாவுக்கு அது சரியென்று பட்டது. அன்றே முரசு அறைந்தார்கள்: "ஆகாயத்தில் இருப்பதெல்லாம் அரசருக்கே சொந்தம். வேறு யாரும் எதையும் மேலே விடக் கூடாது."

அடுத்த மழையில் வழிகாட்ட வாணம் இல்லாமல் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. ஆட்கள் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். வடிவாள் அழுதபடி மந்திரி காரியாரிடம் ஓடினாள்.

"அழாதே அம்மா. அரச கட்டளையை மீற வேண்டாம், முழுசாக நிறைவேற்றிவிடுவோம்" என்ற காரியார், தானும் ஒரு முரசு அறையச் செய்தார்: "அரசரின் ஆகாயச் சொத்தால் நஷ்டப்பட்டவர்கள் அரண்மனைக்கு வரலாம்."

விடிந்ததும் சபை நிரம்பிவிட்டது. சலவைக்காரர் ஒருவர் வேட்டியை விரித்துக் காட்டினார்.

"மகாராஜா, இப்பத்தான் வெளுத்துக் காயப்போட்டேன். உங்க காக்கா எச்சம் போட்டிருச்சு."

"என் காக்காவா?"

"மேலேதானுங்க பறந்துச்சு."

"உங்க பருந்து என் கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போச்சு" என்றாள் ஒருத்தி. "உங்க மேகம் என் உப்பளத்தையே கரைச்சிருச்சு" என்றார் இன்னொருவர்.

ராஜா தலையைப் பிடித்துக்கொண்டார். "இதற்கெல்லாம் நானா பொறுப்பு?"

"சொந்தம் என்றால் பொறுப்பும் கூடவே வரும், மன்னா" என்றார் காரியார். "சேனாதிபதி அதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வல்லபராயர் கூரையைப் பார்த்தார்.

"சரி, இஷ்டம்போல் யாரும் எதையும் விடலாம் என்று சொல்லிவிடட்டுமா?" என்று காரியாரைக் கேட்டார் ராஜா.

"அதுவும் வேண்டாம். வடிவாளின் வாணம் தவறிப்போய்ப் பக்கத்து நாட்டு வைக்கோற்போரில் விழுந்தால், அந்த நாட்டு ராஜா அவளிடமா வருவார்? உங்களிடம்தான் வருவார். அதனால் விடுகிறவர்கள் முன்னதாக நம்மிடம் சொல்லட்டும். கடல் பக்கமாக விடட்டும். நம் ஆள் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு திரியைக் கொளுத்தட்டும்."

ராஜா மகிழ்ந்துபோய்த் தன் மோதிரத்தைக் கழற்றிக் காரியாருக்கும், பட்டுச் சேலை ஒன்றை வடிவாளுக்கும் கொடுத்தார். "ஆகாயத்தின் மேல் நம் சேனாதிபதிக்குத்தான் எவ்வளவு அக்கறை! பார்க்கும் வேலை அவருக்கே" என்றார்.

வடிவாள் பணிவாகக் கும்பிட்டாள். "அப்படியே ஆகட்டும் மகாராஜா. ஐயா திரிக்குப் பக்கத்திலேயே நின்னு பார்த்தா எனக்கும் தைரியமா இருக்கும்."

அதற்குப் பிறகு அந்த நாட்டில் ஒவ்வொரு வாணமும் அப்படியொரு கவனமான சோதனைக்குப் பின்புதான் மேலே போனது. கப்பல்கள் பத்திரமாகக் கரை சேர்ந்தன. வல்லபராயரின் மீசையும் கருகாமல் பத்திரமாக இருந்தது.