மந்திரியின் ஊறுகாய் ஜாடிகள்

முன்னொரு காலத்தில், மேட்டில் அரண்மனையும் ஏரிக்கரைக்குக் கீழே ஊருமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜாவுக்கு ஒருநாள் பொழுதே போகவில்லை.

“ஜனங்கள் பயந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா, மகாராஜா? வேடிக்கையாக இருக்கும்!” என்றார் அறிவிப்பு மந்திரி கனகராயர்.

அந்த ஊரில் முரசு மூன்று தட்டுத் தட்டினால் ஆபத்து. அடுப்பில் கொதிப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும். ராஜா உத்தரவிட, முரசுக்கார ஒச்சப்பன் தட்டினான். “புலி! புலி!”

ஊரே மரமேறியது. ராஜா உப்பரிகையில் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அரசவை விகடகவி அம்பலத்தான் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியான அவன் தங்கை குஞ்சரம் ஓடும்போது விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் அடைமழை. நான்காம் நாள் காலையில் மடைக்காவலன் மூச்சிரைக்க ஓடி வந்தான். “கரையில் விரிசல், மகாராஜா! உச்சிப்பொழுது வரை தாங்காது!”

வீரர்கள் எல்லோரும் மண்மூட்டை அடுக்க ஓடினார்கள். ஒச்சப்பன் முரசை மூன்று தட்டுத் தட்டினான். ஏரிக்கரைக்கு நேர் கீழே இருந்த கரையடித் தெருவில் ஒருவரும் அசையவில்லை.

“ஏன் ஒச்சப்பா, புலி இன்னிக்கு நீச்சலடிச்சு வருதா?”

அம்பலத்தானே போய்க் கூப்பிட்டான். குஞ்சரம் கட்டுப்போட்ட கையைக் காட்டினாள். “நீயும் அரண்மனைச் சோறு தின்கிறவன்தானே அண்ணே?” கதவு சாத்தப்பட்டது.

சபையில் ராஜாவுக்கு வியர்த்தது. “அம்பலத்தான்! உச்சிக்குள் தெரு காலியாக வேண்டும். இல்லையேல் உன் தலை!”

கனகராயர் மெல்ல எழுந்தார். வெகுநாளாக அவன்மேல் அவருக்குப் பொறாமை. “ஒரு நிபந்தனை, மகாராஜா. இன்னொரு பொய் சொன்னால் அரண்மனையின் மானம் போய்விடும். இவர் பொய்யே சொல்லக் கூடாது.”

“உண்மையும் சொல்லப் போவதில்லை, பிரபு. தங்கள் முத்திரை மோதிரமும் பத்து வண்டிகளும் போதும்,” என்றான் அம்பலத்தான். ராஜா சைகை காட்ட, கனகராயர் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

வண்டிகள் நேராகக் கரையடித் தெருவின் பெரிய வீட்டு வாசலில் நின்றன. கனகராயர் வீடு! மந்திரியின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“முரசு கேட்கவில்லையா, அம்மா?”

“கேட்டதே! அதெல்லாம் சும்மா என்று அவர்தான் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாரே?”

அம்பலத்தான் பேசாமல் அவள் கணவரின் மோதிரத்தை நீட்டினான். ஊஞ்சல் பலகை ஏறியது. அண்டா ஏறியது. மந்திரியின் மாமியார் ஏறினாள். கடைசியில், வைக்கோல் சுற்றிய பதினேழு ஊறுகாய் ஜாடிகள்.

“எங்கேப்பா போகுது?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“சொல்லக் கூடாதுன்னு உத்தரவு,” என்றான் வண்டிக்காரன்.

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“கூவிச் சொன்னா சும்மா. மந்திரி வீட்டு ஊறுகாயே சத்தமில்லாமப் போகுதுன்னா… ஐயோ, நிஜம்டீ!”

பாயும் பானையுமாகத் தெரு மேட்டுக்குப் பாய்ந்தது. குஞ்சரத்தைத் தூக்கி ஜாடிகளுக்கு நடுவே உட்கார வைத்தான் அம்பலத்தான். கடைசி வண்டி மேடேறியதுதான் தாமதம், கரை உடைந்தது. வீடுகள் போயின. ஓர் உயிர் போகவில்லை.

“என்னைக் கேட்காமல் என் வீட்டில் கை வைப்பதா?” என்று கனகராயர் குதித்தார்.

“கேட்டிருந்தால் தாங்கள் அறிவித்திருப்பீர்கள், பிரபு. அறிவித்திருந்தால் தங்கள் இல்லத்தரசியே கிளம்பியிருக்கமாட்டார்.”

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்போது குஞ்சரத்தின் கை கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றது. “என்ன பரிசு வேண்டும், அம்பலத்தான்?”

“முரசுக்குப் பக்கத்தில் நின்று, புலி பொய் என்று தாங்களே சொல்ல வேண்டும்.”

ராஜா நின்றார். சொன்னார். கூட்டம் கைதட்டவில்லை.

“பெரிய மனசுதான், மகாராஜா,” என்றாள் குஞ்சரம். “ஆனா அடுத்த தடவை முரசு கேட்டா, நாங்க முதல்ல ஊறுகாய் ஜாடியைத்தான் பார்ப்போம்!”

இம்முறை ராஜா தன்னை நினைத்தே விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தான் கழுத்தில் போட்டார். தண்ணீர் வடிந்ததும் கனகராயர் அதே தெருவில் வீடு கட்டி, ஜாடிகளை எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் வைக்க வேண்டும் என்று ராஜா ஆணையிட்டார்.

அவற்றை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ள ஜனங்கள் சம்மதிக்க ஒன்பது வருஷம் ஆயிற்றாம்.