தூதர் பேசிய தமிழ்

சென்னையில் நான்கு வருஷம் இருந்த ஒரு வெளிநாட்டுத் தூதர், 'நான் அறிந்த தமிழ் மக்கள்' என்று முந்நூறு பக்கம் எழுதிவிட்டார். வெளியீட்டு விழாவுக்கு முந்தைய நாள், அலுவலக மொழிபெயர்ப்பாளர் மரியசெல்வியை அழைத்துத் தன் மொழியில் சொன்னார்:

"நாளைக்கு நான் தமிழில்தான் பேசுவேன். உன் தமிழ் வேண்டாம். இத்தனை வருஷம் நான் பேசிய தமிழையே என் மொழி எழுத்தில் எழுதிக் கொடு. இல்லையென்றால் உனக்கு இங்கே வேலை இல்லை."

மறுநாள் உறையில் போட்டுக் கொடுத்தாள். பிரித்துப் பார்க்காமலே மேடையேறியவர், கம்பீரமாக வாசித்தார்:

"சீக்கிரம்! காரம் வேண்டாம். கதவைச் சாத்து. அப்புறம் வரச் சொல்லு."

அவ்வளவுதான் இருந்தது. மண்டபமே சிரித்தது.

"என்ன இது?" என்று அவளைப் பார்த்துத் தன் மொழியில் சீறினார்.

"நாலு வருஷத்துல நீங்க பேசின தமிழ் மொத்தமும் இதுதான் சார். நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கல."

கேட்டதைத்தான் கொடுத்திருந்தாள், வேலையை விட்டுத் தூக்க வழியில்லை. தூதருக்கு நாக்கு வறண்டது. பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டார்:

"தண்ணி..."

மரியசெல்வி பேனாவைத் திறந்து, அதையும் எழுதிக்கொண்டாள்.