சுவரில் இருந்தவன் முகம் திரும்பிய கதை

அந்தக் காலத்தில், எகிப்து தேசத்தில், கழுதைகள் பேசின. எப்படி என்று கேட்காதே. பேசின, அவ்வளவுதான்.

நைல் நதிக்கு மேற்கே கல்லறைகள். செத்தவரைக் கீழே குழியில் வைத்து மூடிவிடுவார்கள். மேலே ஓர் அறை. அதன் சுவரில் அவர் உருவத்தை வரைவார்கள்; உருவம் இருக்கும்வரை அவரும் இருப்பார் என்று நம்பிக்கை. வீட்டு மனிதர்கள் வந்து ரொட்டி வைத்துவிட்டுப் போவார்கள். அப்போதெல்லாம் சுவரில் இருப்பவர் நேராக நம்மையே பார்ப்பார்.

தேத்தி என்ற கல்தச்சன் செத்தான். அவன் சிநேகிதன் ஹூய்தான் சுவரில் வரைந்தான். உயிர் வந்துவிட்டது என்றே சொல்லலாம். வினையே அதுதான்.

தேத்தியின் மனைவி மெரித் ரொட்டி வைக்க வந்தாள். அந்தக் கண்களைப் பார்த்தாள். உட்கார்ந்தவள் மறுநாளும் எழவில்லை. வீட்டில் பால்குடிக் குழந்தை. ஊரார் கூப்பிட்டார்கள்.

"அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்படி எழுந்து வருவேன்?" என்றாள்.

அவள் வீட்டுக் கழுதை குழந்தையைக் கூடையோடு சுமந்து வந்து வாசலில் நின்றது. குழந்தை கத்தியது. அவள் திரும்பவில்லை. கத்தல் முனகலாயிற்று.

கழுதை கூடையைக் கல்லறை வாசலிலேயே இறக்கிவிட்டு நேரே ஹூயிடம் போனது.

"உன் திறமையில் இடி விழ!"

"நான் என்ன செய்தேன்?"

"நன்றாக வரைந்து தொலைத்தாய். போய் அழி."

"அழித்தால் தேத்தி இரண்டாம் முறை சாவான், கழுதையே."

"அழிக்காவிட்டால் அவன் பிள்ளை முதல் முறை சாகும். எது தேவலை?"

ஹூய் சுண்ணாம்பு குழைத்தான். தூரிகையை எடுத்துக்கொண்டு வந்தான். தேத்தியின் முகத்தில் சுண்ணாம்பைப் பூசினான். மெரித் அலறிக்கொண்டு அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. முகத்தை மறுபடி வரைந்தான், பக்கவாட்டில்.

"ஏன் அண்ணா, அவர் முகத்தைத் திருப்பிவிட்டீர்கள்?"

"அவன் போகிற பக்கம் பார்க்கிறான், தங்கச்சி. நீ உன் பக்கம் பார்."

வெகுநேரம் சுவரையே பார்த்தாள். அந்த முகம் திரும்பி வரவில்லை. அப்புறம்தான் வாசலில் முனகல் அவள் காதில் விழுந்தது. ஓடிப் போய்ப் பிள்ளையை வாரி எடுத்துப் பால் கொடுத்தாள்.

"கிளம்பலாமா? எனக்கும் பசிக்கும்," என்றது கழுதை.

வாசலைத் தாண்டும்போது ஒரு தரம் திரும்பினாள். தேத்தியின் முகம் அந்தப் பக்கம். கண் மட்டும் நேரே அவளைப் பார்த்தது.

"முகத்தைத் திருப்பிவிட்டேன். கண்ணைத் திருப்பக் கை வரவில்லை," என்றான் ஹூய்.

அன்று முதல்தான் அந்தக் கல்லறைச் சுவர்களில் எல்லாரும் விடைபெற்றுப் போகிறவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பி நிற்கிறார்கள்; கண் மட்டும் இன்னும் நம் பக்கம்.