கூப்பிட ஒரு பெயர்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் எனக்கு மறந்துவிட்டது. போகட்டும், இது நாட்டின் பெயரைப் பற்றிய கதை இல்லை. ஒரு பச்சைக் குழந்தையின் பெயரைப் பற்றிய கதை. அந்த நாட்டு மன்னருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தது. பிறந்து பத்து நாளாகியும் பெயர் வைத்தபாடில்லை.

மன்னரின் தாயார் ஏழு மாதத்துக்கு முன்தான் காலமாகியிருந்தார்; அவர் பெயர் பெருந்தேவி. "என் தாயார் பெயர்தான்! என் தாயைக் கூப்பிட்டதுபோல இவளை நான் வாய் நிறையக் கூப்பிட வேண்டும்" என்று மன்னர் பிடிவாதம் பிடித்தார். ராணியோ செண்பகம் என்றாள். இரண்டு நாள் பிரசவ வலியில் துடித்தபோது, சன்னலுக்கு வெளியே பூத்து நின்ற செண்பக மரம் ஒன்றுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இருவரும் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை.

மன்னர் சபையில் கோலப்பன் என்று ஒரு விகடன். அவன் பேச்சுக்கு மன்னர் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் அமைச்சர் விருத்தகிரிக்கு வயிறு எரியும். சமயம் பார்த்திருந்தவர் மெல்ல எழுந்தார்.

"அரசே, பெரிய மகாராணியார் பெயருக்கு நிகர் ஏது? ஆனாலும் முடிவைக் கோலப்பனிடம் விடுங்கள். நாளை தொட்டிலிட்டுக் காதில் மூன்று முறை பெயர் சொல்லும் நேரத்தில் அவன் தீர்ப்புச் சொல்லட்டும். தங்கள் முகமோ மகாராணியார் முகமோ வாடினால் நாட்டைவிட்டே போகட்டும்."

எரிச்சலில் இருந்த மன்னர், "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

கோலப்பன் யோசித்தான். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு முகம் வாடும். மூட்டை கட்ட வேண்டியதுதான். நேரே ராணியிடம் போனான்.

"தாயே, பெரிய மகாராணியார் மேல் தங்களுக்கு ஏதும் மனத்தாங்கலா?"

"ஐயோ, பெற்ற மகள்போல என்னை வைத்திருந்தார்கள். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வது உண்டா, கோலப்பரே? அந்தப் பெயரை வைத்தால் நான் என் பெண்ணை ஒரு நாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? மன்னரிடம் சொன்னால் சாக்குப்போக்கு என்கிறார்." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்த கோலப்பன் இன்னொன்றையும் பார்த்தான். சபை முடிந்து வந்த மன்னர் தம் தாயாரின் அறைவாசலில் நின்றார். எதையோ சொல்லிக் கூப்பிட வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு தலை குனிந்து போய்விட்டார். "ஏழு மாதமாகத் தினமும் இப்படித்தான்" என்றான் காவல்காரன்.  என்ன செய்ய வேண்டும் என்பது கோலப்பனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் சபை நடுவே தொட்டில். பசியோ கோபமோ, குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது.

"அரசே, செருப்பைக்கூடப் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பெயரையும் கூப்பிட்டுப் பார்த்துவிடலாம். பெரிய மகாராணியார் பெயருக்கு நிகரில்லை என்றாரே அமைச்சர், முதலில் அவர் கூப்பிட்டு அழுகையை நிறுத்தட்டும்" என்றான் கோலப்பன்.

விருத்தகிரி தொட்டிலண்டை போனார். முப்பது வருடம் அந்த அம்மையார் முன் கைகட்டி நின்ற மனிதர். முதுகு தானாக வளைந்தது. கை வாயைப் பொத்தியது. "மாட்சிமை தங்கிய பெரிய மகாராணியார் பெருந்தேவியார் அவர்கள்... அழாமலிருக்கத் திருவுளம் பற்ற வேண்டும்" என்றார். குழந்தை இன்னும் ஓங்கி அழுதது. பெயரைக் கேட்ட செவிலி தொட்டிலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். சபையோர் மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். ராணி மட்டும் தலை நிமிரவில்லை.

"யாரும் கூப்பிட வேண்டாம், நானே கூப்பிடுகிறேன்!" என்று மன்னர் எழுந்து வந்தார். தொட்டிலுக்குள் குனிந்தார். "பெ..." என்றார். அதற்குமேல் வரவில்லை. பெற்றவளை எந்தப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான்?

குழந்தை அழுது அழுது சிவந்துவிட்டது. மன்னர் பொறுக்கமாட்டாமல் வாரி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். "அழாதே அம்மா... என் அம்மா இல்லையா... வேண்டாம் அம்மா..." அழுகை விசும்பலாகி நின்றது. 

"பெயர் வைத்தாகிவிட்டது, அரசே" என்றான் கோலப்பன். "தாயைக் கூப்பிட்டதுபோலக் கூப்பிட வேண்டும் என்றீர்கள். அந்த அம்மையாரை இத்தனை வருடமும் எப்படிக் கூப்பிட்டீர்களோ, அப்படியே இப்போது காதில் மூன்று முறை கூப்பிட்டுவிட்டீர்கள். அது தங்களுக்கு. மற்றவர்கள் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே, அதை மட்டும் மகாராணியார் சொல்லட்டும்."

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ராணியைப் பார்த்தார். "சொல்" என்றார். "செண்பகம்" என்றாள் அவள், பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே.

"அரசே, தங்கள் முகமோ மகாராணியார் முகமோ வாடக்கூடாது என்பதல்லவா நிபந்தனை..." என்று இழுத்தார் விருத்தகிரி.

"வாடியது தங்கள் முகம் ஒன்றுதான், அமைச்சரே. அதை நிபந்தனையில் சேர்க்க மறந்துவிட்டீர்கள்" என்றான் கோலப்பன். மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

அன்று மாலை சபை முடிந்து வந்த மன்னர், "அம்மா!" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். அரண்மனையில் அந்தக் குரல் கேட்டு ஏழு மாதமாகியிருந்தது.

"மெல்ல, மெல்ல! செண்பகம் இப்போதுதான் தூங்கினாள்" என்றாள் ராணி.